விதானையார் போடாத கையெழுத்து

அமிர்தகழி,
19.04.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

மாமாங்கேஸ்வரர் காவலில் நீங்களும் புஸ்பம் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவைத்தான் சுகம் என்று எழுத முடியவில்லை.

வருசப் பிறப்புக்கு மூன்று நாள் முந்தி, கிணற்றடியில் வாளியோடு அப்படியே குந்திவிட்டார். மூச்சு எடுக்க ஏலவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள்தான் தூக்கி ஓட்டோவில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்து நேற்றுத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறதாம். கொழும்பில் இருதய நிபுணர் ஒருவரிடம் காட்டச் சொன்னார்கள். "வயலுக்குப் போகாம வீட்டுக்குள்ள அடைச்சு வச்சா எந்த நெஞ்சும் இறுகும்" என்கிறார் அப்பா. படுவான்கரையில் நமது வயல்வட்டையை அவர் பார்த்து இரண்டு வருசம். வாவியைக் கடந்து போக இப்போது பாதையில்லை.

அண்ணன், அரசாங்க ஊழியர்களுக்குப் புதிதாகக் காப்புறுதி ஒன்று வந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கும் உண்டு. நான் தை மாதமே படிவம் நிரப்பிக் கொடுத்தேன். கலியாணம் செய்யாத ஊழியர் என்றால் தாய் தகப்பனும் சேர்த்தியாம். ஆனால் அந்தக் காப்புறுதியை எடுக்கிற டொக்டர் யார், எந்த இடம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் விசாரித்து எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
சீதேவிப்பிள்ளை


கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13
06.05.1998

அன்புள்ள தங்கச்சி சீதேவிக்கு,

நானும் புஸ்பமும் மாமா மாமியும் இந்த வீட்டில் சுகமாக இருக்கிறோம். உன் கடிதம் பதினோராம் நாள் வந்தது. ஒட்டின இடத்தைப் பார்த்தால் வழியில் யாரோ திறந்து வாசித்துவிட்டு, மரியாதையாக மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த டொக்டர் யாரும் இருந்தால் ஓரத்தில் பெயரை எழுதியிருக்கலாம்.

அப்பாவின் செய்தி வாசித்த நேரம் முதல் எனக்கு வேலை ஓடவில்லை. கடையில் அரைநாள் அரைநாளாக லீவு கேட்டு மூன்று டொக்டர்மாரிடம் போனேன். முதலாவது இடத்தில் காப்புறுதி என்ற சொல் என் வாயில் வந்ததும் கவுண்டரில் இருந்த பிள்ளை பேனையை மூடிவிட்டாள். இரண்டாவது இடத்தில் நல்ல சிரிப்போடு சொன்னார்கள்: முதலில் முழுவதையும் நீங்கள் கட்டுங்கள், பிறகு நீங்களும் அரசாங்கமும் பேசித் தீருங்கள் என்று. மூன்றாவது இடத்தில் எடுப்பார்கள்போல இருந்தது. மட்டக்களப்பு என்றதும் என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். நெஞ்சு வருத்தம் அப்பாவுக்கு, அட்டை எனக்கு. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சுற்றுநிருபத்தை நீ உன் கண்ணால் வாசித்தாயா, அல்லது அதிபர் சொன்ன கதையா? இந்த நாட்டில் அரசாங்கம் ஒன்றைத் தருகிறது என்றால் வாங்க எனக்குக் கை கூசும். தாய் தகப்பன் சேர்த்தி என்பதை வரி வரியாகப் பார்த்து எழுது.

இன்னொன்று. மச்சான் தங்கராசா இன்னும் உன்னை நினைத்துத்தான் இருக்கிறான். தன் அக்கா புஸ்பத்தை எனக்குத் தந்த குடும்பம். அவர்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, தங்கச்சியின் முடிவைக் கேட்டால் "பார்ப்போம்" என்று எத்தனை வருசம் சொல்வது? அப்பாவுக்குக் குணமானதும் அதைச் செய்து முடிப்போம்.

அப்பாவை உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல். கருவாட்டுக்குக் கை நீட்டினால் தட்டிவிடு.

அண்ணன்,
வினாயகமூர்த்தி


அமிர்தகழி,
28.05.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அங்கே எல்லோரும் சுகம் என்று அறிந்து ஆறுதல். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பா பரவாயில்லை. மத்தியானம் கொஞ்சம் நித்திரை கொள்கிறார். கருவாட்டைத் தட்டிவிட்டேன், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சுற்றுநிருபத்தை வாசித்தேன். "விவாகமாகாத உத்தியோகத்தராயின் பெற்றோர்" என்று தெளிவாக இருக்கிறது. என் காப்புறுதி இலக்கத்தைத் தனித் துண்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று டொக்டர் இல்லையென்றால் நாலாவது டொக்டர் இருப்பார் அண்ணன். அலுக்காமல் தேடுங்கள். அப்பா வாயால் கேட்கமாட்டார், ஆனால் தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் எழும்பி இருக்கிறார்.

அன்புடன்,
சீதேவி


கொட்டாஞ்சேனை,
17.06.1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம் கேட்டு எழுத ஆறுதலாக நேரமில்லை. டொக்டர் கிடைத்துவிட்டார்!

எங்கள் கடைக்கு ஆணி வாங்க வருகிற ஓய்வுபெற்ற ரெயில்வே கிளாக்கர் ஒருவர் சொன்னார். டொக்டர் அமரக்கோன். காலையில் அரசாங்கத்தின் பெரியாஸ்பத்திரியில் வேலை, பின்னேரம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்கிறார். அங்கே அரசாங்கக் காப்புறுதியை நேரே எடுக்கிறார்கள். நான் நம்பவில்லை. மூன்று தரம் மூன்று ஆளிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள். ஒரே பதில் சொன்னதால் கொஞ்சம் சந்தேகம் கூடினது, ஆனாலும் அவரைப் பார்க்கச் சனல் நம்பர் எடுக்கப் போகிறேன்.

அவர்கள் கேட்கிற கடதாசிகளைக் கவனமாக வாசி. மட்டக்களப்பு ஆஸ்பத்திரித் துண்டு, ஈ.சி.ஜி., வலயக் கல்வி அலுவலகத்தின் கடிதம். அதோடு உங்கள் கிராம சேவகர், அதுதான் விதானையார், அவருடைய அத்தாட்சி ஒன்று: நீ விவாகமாகாதவள், அப்பா உன்னோடு, உன் பராமரிப்பில் இருக்கிறார் என்று. இந்த மாதத் திகதியோடு, முத்திரையோடு. நாலும் சேர்ந்து வந்தால்தான் சத்திர சிகிச்சைக்கு நாள் தருவார்கள். ஒன்று குறைந்தாலும் கோப்பைத் திறக்கமாட்டார்களாம்.

காத்தான்குடிச் சரீப் காக்கா மாதத்துக்கு ஒரு தரம் புடவை ஏற்ற இங்கே வருகிறார். தபாலை நம்பாதே, அவர் கையில் கொடுத்துவிடு. விதானையார் வீடு உன் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி. ஒரு நாள் வேலை.

தங்கராசாவைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. பரவாயில்லை. கவனித்தேன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

அப்பாவிடம் சொல், அவருக்கு நல்ல டொக்டர் பிடித்திருக்கிறேன்.

அண்ணன்


அமிர்தகழி,
10.07.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோருடைய சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். டொக்டர் கிடைத்த செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மூத்தவன் நினைச்சா விடமாட்டான்" என்று பக்கத்து வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரிந்தார் என்றால் வேலியடி மட்டும்தான்.

ஆஸ்பத்திரித் துண்டு, ஈ.சி.ஜி., வலய அலுவலகக் கடிதம் மூன்றும் சரீப் காக்காவிடம் கொடுத்திருக்கிறேன். விதானையாரின் அத்தாட்சி மட்டும் இல்லை. அவர் லீவில் நின்றார். பிறகு மாமாங்கத் திருவிழா வேலை வந்துவிட்டது. ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும்வரை அவரைப் பிடிக்க ஏலாது.

அண்ணன், ஒரு யோசனை. அந்த டொக்டர் காலையில் பெரியாஸ்பத்திரியில் என்று எழுதியிருந்தீர்களே. காப்புறுதியை விட்டுவிட்டு அங்கேயே நேரே கொண்டுபோனால் என்ன? அங்கே விதானையாரின் கடதாசி கேட்கமாட்டார்கள்தானே. வரிசையில் பெயரை இப்பவே போட்டுவைத்தால் நல்லது என்று நினைக்கிறேன். உங்களுக்கு எது சரியோ அப்படிச் செய்யுங்கள்.

மச்சாளுக்கு என் அன்பு.

சீதேவி


கொட்டாஞ்சேனை,
24.07.1998

தங்கச்சி சீதேவிக்கு,

எல்லோரும் சுகம். கோபமும் சுகமாக இருக்கிறது.

நான் நாய்படாப் பாடு பட்டு ஒரு டொக்டரைப் பிடித்தேன். உன்னிடம் கேட்டது நாலு கடதாசி. அதில் லேசான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, "காப்புறுதியை விட்டுவிட்டால் என்ன" என்று கேட்கிறாய். காப்புறுதி இருக்கிறது என்று ஏப்ரலில் எழுதினது யார்? நீதானே!

பெரியாஸ்பத்திரி வரிசை எவ்வளவு நீளம் தெரியுமா? வந்து காத்திருக்கிற நாளெல்லாம் மட்டக்களப்பு அடையாள அட்டையோடு ஒரு கிழவனை லொட்ஜில் வைத்துப் பொலிசில் பதிந்து, ஒவ்வொரு சுற்றிவளைப்புக்கும் எழுப்பி நிறுத்த வேண்டும். அது உனக்கு யோசனை. அப்படி என்றால் இதில் வேறு என்னவோ இருக்கிறது.

வெளிப்படையாகக் கேட்கிறேன். "அப்பா என் பராமரிப்பில்" என்று எழுதிக் கொடுக்க ஏன் தயங்குகிறாய்? நமது வழமைப்படி வீடு பெண்பிள்ளைக்கு. அது உனக்குத்தான், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவைக் கொண்டு வேறு ஏதும் கையெழுத்து வாங்குகிறாயா? வட்டைக் காணியா? அல்லது அப்பா கொழும்புக்கு வந்தால் நான் அவரிடம் ஏதும் எழுதி வாங்கிவிடுவேன் என்று யாரும் உனக்கு ஓதிவிட்டார்களா? புஸ்பம் "அப்பிடிக் கேக்காதீங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

தீர்த்தம் நேற்று முடிந்தது. இனி விதானையாருக்கு என்ன வேலை?

வினாயகமூர்த்தி


அமிர்தகழி,
12.08.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தை விரும்புகிறேன். நீங்கள் எழுதினதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. "அண்ணன் சுகமாம்" என்று மட்டும் சொன்னேன்.

காணியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அப்பாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன், அவர் இருக்கிற நிலையில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

விதானையாரின் றப்பர் முத்திரை உடைந்துபோயிற்று. மாவட்டக் கச்சேரியிலிருந்து புதியது வர வேண்டும். வந்ததும் அனுப்புகிறேன்.

அப்பா சுமாராக இருக்கிறார்.

சீதேவி


கொட்டாஞ்சேனை,
30.08.1998

சீதேவிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை, நீ எழுதுவதில் எதை நம்புவது என்றும் தெரியவில்லை.

சரீப் காக்கா நேற்று வந்தார். தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்துக் கேட்டேன். விதானையார் ஆனி மாதம் முழுக்க ஊரில்தான் நின்றாராம். லீவும் இல்லை, ஒன்றும் இல்லை. முத்திரையைப் பற்றிக் கேட்டேன். போன கிழமைகூடக் காக்காவின் கடைப் பையனின் பயணப் பாஸுக்கு அடித்துக் கொடுத்தாராம், "நல்ல நீல மை" என்றார். பிறகு நான் கேட்டேன்: "காக்கா, தங்கச்சி எதையோ மறைக்கிறாள். என்ன விசயம்?" அந்த மனிதன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். "எனக்கு ஒண்டும் தெரியா தம்பி. நான் புடவை ஏத்த வந்த ஆள். எடுத்துக்கிட்டுப் போறன்." நான் விசயம் என்னவென்று கேட்டேனே தவிர, அவருக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. அவ்வளவு அவசரமாக ஒண்டும் தெரியாத ஆளை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொன்னார். அப்பா மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் கிடக்கிறாராம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறதாம். நீ எனக்கு எழுதினது "சுமார்".

எனக்கு ஒரே ஒரு அப்பா. டொக்டரின் கோப்பில் மூன்று கடதாசி ஆடியிலிருந்து கிடக்கிறது. அந்த ஒரு கையெழுத்து ஏன் வரவில்லை? உண்மையை எழுது. எழுதாவிட்டால் வழி திறந்ததும் பஸ் ஏறி வந்து, விதானையாரின் வாயாலேயே கேட்பேன்.

வினாயகமூர்த்தி


அமிர்தகழி,
21.09.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

விதானையார் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டார். நான் நாலு தரம் போனேன். நாலாம் தரம் அழுதும் பார்த்தேன். அவர் சொன்னது: "புள்ள, உன்ட எழுத்துக்கு நான்தான் முதல் சாட்சி. உன்ட வீட்டுக் கேக்கும் திண்டிருக்கிறன். அதே கையால விவாகமாகாதவள் எண்டு எப்பிடி எழுதுற? என்ட உத்தியோகம் போயிரும்."

ஓம் அண்ணன். பங்குனி பன்னிரண்டாம் திகதி எனக்குக் கலியாணப் பதிவு எழுத்து நடந்தது. மாப்பிள்ளை கல்குடாப் பக்கம், இளையதம்பி என்று பெயர். கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சர். அப்பா பார்த்துச் செய்தது. எனக்கும் பிடித்துத்தான் செய்தது, அதையும் எழுதிவிடுகிறேன். எழுத்தைப் பங்குனியில் முடித்து, தாலியை ஆவணியில் கட்டுவது என்று பேச்சு, அப்பாவின் வருத்தத்தால் அது தள்ளிப்போனது. உங்களுக்குத் தாலி நாள் வைத்த பிறகு சொல்லலாம் என்றார் அப்பா. முந்திச் சொன்னால் தங்கராசாவின் கதையை எடுத்து நீங்கள் குழப்புவீர்கள், மாமா வீட்டில் உங்களுக்கும் முகம் கொடுக்க ஏலாமல் போகும் என்று பயந்தார். நானும் பயந்தேன்.

நான் பொய் சொல்ல நினைத்துத் தொடங்கவில்லை. தை மாதம் படிவம் நிரப்பும்போது ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் உங்களுக்கு எழுதும்போதும் நான் கலியாணமாகாதவள் என்றுதான் நினைத்தேன். தாலி ஏறாதவளை நமது ஊரில் யார் கலியாணமானவள் என்று சொல்வார்கள்? அவர் இன்றைக்கும் வந்தால் முன் விறாந்தைக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, அப்பாவோடு கதைத்துவிட்டுப் போகிறார். பள்ளிக்கூடத்தில் நான் இன்னும் அப்பாவின் பெயரோடு மிஸ் சீனித்தம்பி. விதானையார் வாசலில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது, ஊருக்கு நான் குமர், கடதாசிக்கு நான் பெண்சாதி என்று. ஆனியில் விளங்கியது. அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். லீவு என்றும் திருவிழா என்றும் முத்திரை என்றும் எழுதினேன். பெரியாஸ்பத்திரி என்று எழுதினபோது நீங்கள் ஓம் என்று சொல்லிவிடுவீர்கள், இதைச் சொல்லாமலே தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. இருந்தபடியே கண் அயர்கிறார். அண்ணன், என்னை என்ன சொன்னாலும் சொல்லுங்கள். அப்பாவை விட்டுவிடாதீர்கள்.

சீதேவி


தந்தி
05.10.1998

அப்பாவை உடனே அனுப்பு. மாப்பிள்ளை கூட்டி வரட்டும். வினாயகமூர்த்தி


கொட்டாஞ்சேனை,
02.11.1998

அன்புள்ள தங்கச்சி சீதேவிக்கு,

இந்தக் கடிதத்தைச் சரீப் காக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். இளையதம்பியிடம் கொடுக்கவில்லை. அவர்மேல் சந்தேகம் இல்லை, அப்பா குளிசை தேடி அவருடைய பையைத்தான் கிண்டுகிறார். அதனால்தான். இருந்து வாசி.

உன் கடிதத்தை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். அப்பாவுக்கு நான் பிள்ளை, எனக்குத் தெரியாமல் ஊர் கேக் தின்றிருக்கிறது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புஸ்பம் சொன்னாள்: "உங்களுக்குச் சொன்னா என்ன செய்திருப்பீங்க எண்டு யோசிச்சுப் பாருங்க." யோசித்தேன். குழப்பித்தான் இருப்பேன். அன்றைக்குப் பின்னேரமே டொக்டர் அமரக்கோனிடம் போய், காப்புறுதி இல்லை, நாங்கள் விட்ட பிழை இதுதான் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், அங்கேயும் நான்தானே" என்றார். அவ்வளவுதான். ஒரு வசனம். அதற்குத்தான் ஐந்து மாதம் ஓடியிருக்கிறேன்.

அப்பாவும் இளையதம்பியும் வந்து சேர்ந்த கதை உனக்குத் தெரியும். உன் ஆளை நான் மூன்று நாள் உருட்டிப் பிரட்டி விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் "ஓம் மச்சான்" என்றார். அப்பாவை லொட்ஜ் படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். கால் கழுவிவிடுகிறார். ஒன்றும் அகப்படவில்லை. நல்ல மனிதன். தங்கராசாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அப்பாவைத் தாங்கி வாங்குப் பலகையில் இருத்தி, இளையதம்பிக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை எல்லாச் சோதனையும் முடிந்தது. டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வால்வு இப்போது நன்றாக ஒடுங்கிவிட்டதாம். அதைவிட, இருதயமே களைத்துவிட்டதாம். மயக்க மருந்தைத் தாங்காது, கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடுவார் என்றார். "ஏன் இவ்வளவு பிந்தினீர்கள்? ஜூலையில் என்றால் நான் செய்திருப்பேன்" என்றார்.

ஜூலை, சீதேவி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா என்று நீ கேட்டு எழுதினது ஜூலை பத்தாம் திகதி. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ அதை எதற்காக எழுதினாயோ, எழுதினது சரி. நான் அதில் சூது தேடினேன். காணி என்றேன், வீடு என்றேன். நீ மறைத்தது பிழை, நான் நோண்டினது அதைவிடப் பெரிய பிழை. வெளி வாங்கில் அப்பா இருக்கிறார் என்பதால் கழுவுகிற இடத்துக்குப் போய் அழுதேன். நீயும் அழு. ஆனால் இந்தக் கிழமையோடு முடித்துக்கொள்.

எவ்வளவு காலம் என்று கேட்டேன். டொக்டர் கடதாசியைப் பார்த்துக்கொண்டு, "தைப்பொங்கலை நன்றாகக் கொண்டாடுங்கள்" என்றார். சித்திரை வருசத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா மடையன் இல்லை. நான் வெளியே வந்த முகத்தைப் பார்த்தே அறிந்துவிட்டார். லொட்ஜுக்கு வந்து, இளையதம்பி சாப்பாடு எடுக்கப் போன நேரம் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மனே, புள்ளக்கு இதச் சொல்லிப்போடாத. குளிசையோட சரியாம், ஒப்பரேசன் தேவையில்லையாம் எண்டு எழுது. அவள் தன்னாலதான் எண்டு நினைப்பாள்." நான் ஓம் என்றேன். ஓம் என்றுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த வருசம் நமது வீட்டில் ஆளுக்கு ஆள் மறைத்தது போதும்.

அவர்கள் பத்தாம் திகதி பஸ் ஏறுவார்கள். நீ தாலிக்கு நாள் பார். தையில் முதல் வருகிற முகூர்த்தம் எதுவோ அது. ஆடம்பரம் வேண்டாம், அப்பா நடந்து வருகிற தூரத்தில் வை. நானும் புஸ்பமும் வருகிறோம்.

உன் அண்ணன்,
வினாயகமூர்த்தி


அமிர்தகழி,
25.11.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா நலமாக வந்து சேர்ந்தார். மழை தொடங்கிவிட்டது, வாவித் தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

கடிதம் காக்கா மூலம் அவர்களுக்கு இரண்டு நாள் முந்தி வந்தது. நீங்கள் சொன்னபடி அந்த இரண்டு நாளில் அழுது முடித்தேன். முற்றாக முடியவில்லை.

அப்பா பஸ்ஸால் இறங்கினதும் முதல் சொன்னது, "ஒப்பரேசன் தேவையில்லயாம் புள்ள, குளிசையோட சரியாம்." நான் சந்தோசப்பட்டேன். அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். கொழும்பு டொக்டர் நல்லவரா என்று கேட்டேன், நல்லவர் என்றார். அவர் சொன்னதை நான் நம்பினதில் அவருக்கு எவ்வளவு ஆறுதல் அண்ணன். அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டார். அதனால் எனக்குத் தெரியும் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். மறைத்தது போதும் என்று எழுதியிருந்தீர்கள். இதை மட்டும் விடுங்கள்.

தை பதினாலாம் நாள் முகூர்த்தம். வீட்டு முற்றத்திலேயே பந்தல். மாப்பிள்ளை ஆட்கள் ஓம் என்றுவிட்டார்கள். தங்கராசா மச்சானுக்கும் முறையாகக் கடிதம் எழுதி அழைத்திருக்கிறேன்.

அப்பா தாரை வார்க்கத் தானே நிற்பேன் என்கிறார். கதிரையில் இருந்து செய்யலாம் என்றேன், கோபம் வந்துவிட்டது. நீங்கள் அவருக்கு இடப்பக்கம் ஒட்டி நில்லுங்கள். முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், என்ன நடந்தாலும் விடாதீர்கள். ஏன் பிடிக்கிறாய் என்று கேட்டால், கொழும்பில் இதுதான் வழமை என்று சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
சீதேவிப்பிள்ளை